ஐந்தாம் தூணில் ஒரு வட்டம்

மரங்களுக்கும் இடாப்பு உண்டு என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் நார்மன் கட்டிங். பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எண்பதுக்கு ஒன்றோ இரண்டோ குறைவு. பார்சன் என்று பெயர் வைத்த சோம்பேறி நாயோடு தினமும் காலை பத்து மணிக்கு, என் மகனின் கடை திறக்க இன்னும் இரண்டு மணித்தியாலம் கிடக்கும்போதே, பின்கதவால் வந்து கணப்படுப்பின் பக்கத்து வாங்கில் அமர்ந்துவிடுபவர். நான் வந்த இரண்டாம் நாள், தலைக்கு மேலே ஓடிய கரிய ஓக் மரச் சட்டத்தில் உளியால் கீறிய மூன்று கோடுகளைத் தம் கைத்தடியால் தொட்டுக் காட்டினார். ஏதோ ஆணி கீறியதென்று நான் நினைத்திருந்த கோடுகள். ஆணி என்றதும் அவர் சிரித்தார்; இந்த வீட்டில் ஆணியே இல்லை என்றார். நானூறு ஆண்டுகளுக்கு முன் தச்சர்கள் தங்கள் முற்றத்தில், நிலத்திலே கிடத்தி, ஒவ்வொரு மரத்தின் நாக்கையும் அதற்கென வெட்டிய துளையில் பொருத்திப் பார்த்து, பொருந்தியதும் இரண்டு மரத்திலும் ஒரே இலக்கத்தைக் கீறி, பிறகு எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து நிமிர்த்தியிருக்கிறார்கள். மூன்றாம் இலக்கத் தூணுக்கு மூன்றாம் இலக்கத் தாங்கிதான் சேரும், நான்காவது சேராது. பெயர் கூப்பிட்டால் கை தூக்கும் பிள்ளைகள் மாதிரி, மிஸ், என்றார். ஒப்புமை சரியாக இருந்தது, இல்லாவிட்டால் திருத்தியிருப்பேன். அன்று மாலையே அப்பியாசக் கொப்பியில் கோடு போட்டு, தூண்கள் ஒரு நிரலிலும் தாங்கிகள் ஒரு நிரலிலுமாக எழுதத் தொடங்கினேன். முப்பத்தாறு ஆண்டு இடாப்புக் கூப்பிட்ட வாய்; விருந்தாளியாய்ச் சும்மா இரு என்றால் இருக்குமா.

இப்போது பதினொன்று ஐந்து. வீட்டின் சாய்வைப் பார்க்க வந்த பரிசோதகரின் சிறிய வெள்ளைக் கார் தேவாலயத்து வளைவில் திரும்பி மறைந்துவிட்டது. என் கையில் சூடு ஆறாத தேநீர்க் கோப்பை. வீடு விழாது. விழாது என்று எழுத்திலே தருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். விழாது, விழாது என்று மனம் வாய்பாடு ஒப்பிக்கும் பிள்ளையைப் போல இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நிறுத்த எனக்கும் விருப்பமில்லை. என் பாதங்களுக்குக் கீழே, பலகைக்கு அடியில், நிலவறையில் மகன் கௌரீசன் பீர்ப் பீப்பாவை உருட்டுகிறான். நேற்றுவரை அவன் பீப்பாவை உருட்டியபோது சவப்பெட்டி உருளும் சத்தம்போல இருந்தது. இன்று அது வெறும் பீப்பா. சீட்டி வேறு அடிக்கிறான், சுருதி பிசகி. முடித்துவிட்டு அந்தச் செங்குத்தான படியில் ஏறி இங்கே வருவான். வருவதற்குள் நான் ஒன்றைச் சொல்லத் தயாராக வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு முன் மாடிப்படியில் இறங்கும்போது, பரிசோதகருக்குக் கேட்காமல், என் காதருகே நான்கே சொல் சொன்னான்: "அம்மா, அது என்ரை விடையெல்லோ." படியைப் பார்த்து இறங்குகிறவளைப்போல நடித்தேன். படி உண்மையிலேயே கோணல்தான். ஆனால் நான் பார்த்தது படியை அல்ல.

அவன் மறந்திருப்பான் என்று எப்படி நினைத்தேன். முப்பத்திரண்டு ஆண்டு. இல்லை, அதைப் பிறகு நினைக்கலாம், தேநீர் ஆறுவதற்குள் கொஞ்சம் இந்த நிம்மதியைக் குடித்துக்கொள்கிறேன். பார், இந்தச் சட்டத்தை: இரண்டு சுவருக்கும் குறுக்கே, ஒரு முழு மரத்தைச் சதுரித்து வைத்தது, நடுவில் இடுப்பு ஒடிந்ததுபோல வளைந்து நிற்கிறது. இதைக் கண்ட முதல் நாள் மனத்துக்குள் சிவப்புப் பேனையால் சுற்றினேன். நேர்கோடு இல்லை. இந்த வீட்டில் எங்கேயும் நேர்கோடு இல்லை, செங்கோணம் இல்லை, சமாந்தரம் இல்லை. கேத்திரகணிதம் படிப்பித்தவளை அழைத்துவந்து குடிவைக்கக்கூடாத வீடு. பச்சை மரத்தில் செய்தார்களாம். வெட்டிய ஈரம் காயுமுன் துளைத்துப் பூட்டிவிட்டால், காயக்காய மரம் முறுகி, தன் பூட்டைத் தானே இறுக்குமாம். இதுவும் நார்மன் சொன்னதுதான். அவர் சொன்னதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொன்று: பூட்டுக்கு அடிக்கும் மர முளைக்கு இரண்டு மரத்திலும் துளை போடுவார்கள் அல்லவா, அந்த இரண்டு துளையும் நேருக்கு நேர் வராமல், வேண்டுமென்றே ஒரு நெல்மணி அளவு தள்ளிப் போடுவார்களாம். முளையை அறைந்து இறக்கும்போது அது வளைந்து போய், இரண்டு மரத்தையும் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டிவிடும். பிழைபோலத் தோன்றும் துளைதான் பிடி. பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அங்கே பிழை என்றால் பிழை. ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி.

தவறணை. நாக்கின் நுனியில் இந்தச் சொல் இன்னும் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு முன் ஹரோவிலிருந்த வீட்டை விற்று, சஃபோக்கில் ஒரு கிராமத்தில் 'சாம்பல் நாரை' என்ற பழைய பப்பை, மதுச்சாலையை, வாங்கப்போகிறேன் என்று அவன் சொன்னபோது, ஊரில் கள்ளுக்கடைக்குச் சொல்லும் அந்த ஒரே சொல்தான் என் வாயிலிருந்து வந்தது. இராசமலர் ரீச்சரின் மகன், என் மகன், தவறணை நடத்துகிறான். லெஸ்டரில் மகளோடு இருந்துகொண்டு மூன்று ஆண்டும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ரொறன்ரோவிலிருந்து என் சிற்றன்னையின் மகள் தொலைபேசியில் மகன் என்ன செய்கிறார் என்று கேட்கும்போதெல்லாம், பழைய கட்டடமொன்றைப் பராமரிக்கிறார் என்று சொல்லிவந்தேன். அரசாங்க வேலையோ என்று அவள் கேட்டாள். அரசாங்கத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றேன். ஒரு சொல்லும் பொய்யில்லை, முழுவதும் பொய். பிறகு போன மாதம் அவனே அழைத்தான். காப்புறுதிக் கொம்பனி கடிதம் போட்டிருந்தது: முன்பக்கச் சுவர் தெருப்பக்கமாய்ச் சாய்கிறது, இன்னும் சாய்ந்துகொண்டே இருக்கிறதா என்று பரிசோதித்து அறிக்கை தர வேண்டும், சாய்வது உண்மையானால் காப்புறுதி இல்லை, காப்புறுதி இல்லாவிட்டால் கடை இல்லை. மேல்மாடியையும் உடனே மூட வேண்டும். அவனுடைய எல்லாமும் இந்த மரங்களுக்குள்தான் இருந்தது. அதை அவன் சொல்லவில்லை. "வீடு இருக்கேக்கை ஒருக்கா வந்து பாருங்கோ, அம்மா," என்றான். அவ்வளவுதான். அடுத்த நாள் ரயில் ஏறினேன்.

வந்து பார்த்தால், இந்தச் சுவர் எனக்குத் தெரிந்த சுவர். நார்மன் ஓர் இடத்தில் பூச்சு உதிர்ந்ததைக் காட்டினார்: உள்ளே பிரம்புபோல் வளைத்துப் பின்னிய குச்சிகள், அவற்றின்மேல் களிமண், நறுக்கிய வைக்கோல், சாணம். சாணமா என்று கேட்டேன். ஆம் மிஸ், மன்னிக்க வேண்டும், என்றார், கெட்ட சொல் சொன்னவரைப்போல. நான் ஊரில் எங்கள் வீட்டுச் சுவருக்கு மண்ணையும் சாணத்தையும் பிசைந்த விகிதத்தைச் சொன்னேன். அவர் நாயைப் பார்த்தார். நாய் என்னைப் பார்த்தது. அன்றிலிருந்து அவருக்கு என்மேல் ஒரு மரியாதை. இன்னுமொன்று எனக்குப் பிடித்துப்போயிற்று: இந்தக் கடைக்கு வருகிற ஆறடி மனிதர்கள் எல்லோரும் கதவு நிலையில் தலை குனிந்துதான் வர வேண்டும். நான் ஒருத்திதான் நிமிர்ந்து நடக்கிறேன். மருமகள் சுதர்சினி வேலைக்குப் போகும்போது தினமும் ஒருமுறை நெற்றியில் இடித்துக்கொள்கிறாள். மூன்று ஆண்டாக அதே இடத்தில். கவனமின்மை.

பீப்பாவின் சத்தம் நின்றுவிட்டது. வருகிறானா. இல்லை, குழாய் மாற்றுகிறான். தண்ணீர் பீறிடும் ஓசை. இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. இன்று காலையிலிருந்து நிமிடங்களை எண்ணிக்கொண்டேதான் இருக்கிறேன். பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தார், மிஸ் லாங்லி, நாற்பது வயதிருக்கும், சேறு படிந்த சப்பாத்து, தோளில் ஏணி, பையில் நூலில் கட்டிய ஈயக்குண்டு. அவர் வருமுன் மகன் என்னை இதே வாங்கில் இருத்தி, என் முழங்காலைத் தொட்டு, "அம்மா, இண்டைக்கு மட்டும் ஒண்டும் கதையாதேங்கோ. அவ கேட்டா மட்டும் பதில் சொல்லுங்கோ," என்றான். ஐம்பது பிள்ளைகளை ஒரு பார்வையால் அடக்கியவளிடம். ஆனால் அவன் கை குளிர்ந்திருந்தது. சரி என்றேன். தலைக்கு மேலே என் அறையில் அந்தப் பெண்ணின் காலடி நடந்தது. நடக்குந்தோறும் பலகை இடுக்கால் தூசி இறங்கிச் சன்னல் வெளிச்சத்தில் நின்றது. நார்மன் வழக்கமான தம் இடத்தில் இருந்து, வழக்கமான தம் கதையை அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்: போர்க்காலத்தில் பின்வயலில் ஒரு குண்டு விழுந்ததும், அதுவரை நேராக நின்ற நாரை அன்றிரவே தெருவை எட்டிப் பார்க்கத் தொடங்கியதும். வருகிற ஒவ்வொரு அந்நியருக்கும் அவர் சொல்லும் கதை. அதைக் கேட்டு அந்தப் பெண் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டதைக் கண்டபோதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. குண்டு தள்ளியதென்றால் பூட்டுகள் அன்றே தளர்ந்திருக்கும். தளர்ந்த பூட்டை இன்று தெருவில் போகும் பாரவூர்திகள் அசைக்கும். அப்படியென்றால் வீடு இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறது. பாசத்தால் சொன்ன ஒரு பொய், அறிக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அவர் கீழே வந்து அளவைச் சொன்னார். மாடியின் முன் தூண், ஐந்தேகால் அங்குலம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நகர்வு நின்றுவிட்டது என்பதற்குத் தம்மிடம் ஆதாரம் இல்லை என்றார். நின்றுவிடவில்லை என்பதற்கும் இல்லை. ஆதாரம் இல்லாவிட்டால் அப்படித்தான் எழுத வேண்டும். தமக்கும் இந்த வீட்டைப் பிடித்திருக்கிறது, வருத்தந்தான். நல்ல பெண். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். கௌரீசன் தலையை ஆட்டினான். ஓம், விளங்குது என்பதுபோல. அந்தத் தலையாட்டலை நான் அறிவேன். பதின்மூன்று வயதில் அதே தலையாட்டல், அதே அளவு, கன்னத்தின் அதே இறுக்கம். எதிர்த்துக் கேட்காத பிள்ளை. கேட்காதபடி வளர்த்தவள் யார்.

நான் படுக்கும் அறை அது. தெருவின் மேலே இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாடி. தரை ஒரு பக்கம் தாழ்ந்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டை மேசையில் வைத்தால் விடியும்போது தரையில் கிடக்கும். முதல் வாரம் முழுவதும், நித்திரையில் நானும் கூட்டைப்போல் வழுகித் தெருவுக்குப் போய்விடுவேன் என்று பயந்து, தாழ்ந்த பக்கம் கால் வைத்துப் படுத்தேன். ஐந்தாம் தூண், அந்த முன் தூண், என் கால்மாட்டில். அதிலிருந்து சரிந்து எழுந்து கூரைச்சட்டத்தை ஏந்தும் வளைந்த தாங்கி, என் கொப்பியின்படி, ஐந்தாக இருக்க வேண்டும். இல்லை. ஆறு. எதிர்மூலையில் ஆறாம் தூணில் ஐந்தாம் தாங்கி. சுண்ணாம்பு பூசி மூடிய கீறல்கள். காலை ஏழு மணிக்குச் சூரியன் சாய்ந்து அடிக்கும் பத்து நிமிடம் மட்டும் நிழல் விழுந்து தெரியும். முதலில் கண்டபோது எனக்கு வந்தது மகிழ்ச்சி. நானூறு ஆண்டாக யாரும் பிடிக்காத பிழையை நான் பிடித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சி. கொப்பியில் சிவப்பால் இரண்டு பெருக்கல் குறி போட்டேன். இடம் மாறி உட்கார்ந்த இரண்டு பிள்ளைகள். நிமிர்த்திய நாளில், மழையோ, இருட்டோ, மேஸ்திரியின் ஏச்சோ, தச்சன் ஆறை எடுத்து ஐந்தில் செருகிவிட்டான். ஆறு கொஞ்சம் நீளம். நீளமான தாங்கி தூணை வெளியே தள்ளியது. ஐந்தேகால் அங்குலம். அவர்களும் கண்டிருப்பார்கள்; கழற்ற மனமில்லாமல் இடைவெளியில் ஒரு மர ஆப்பைச் செருகி, முளை அடித்து, அப்படியே விட்டு, அதன்மேலேயே கூரையையும் ஏற்றிவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே இந்த வாங்கில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மகன் சொன்னதற்காகவா. இல்லை, உண்மையைச் சொல்வதென்றால் என் ஆங்கிலத்துக்காக. தமிழில் படித்துத் தமிழில் படிப்பித்தவள். என் ஆங்கிலம் இலக்கணத்தில் பிழையில்லாதது, அதனாலேயே யாரும் பேசாதது. லெஸ்டரில் பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள், அன்பாகத்தான். பட்டம் பெற்ற ஒரு பரிசோதகர் முன்னால், சேலை உடுத்த கிழவி ஒருத்தி கொப்பியோடு எழுந்து தவறான ஒன்றைச் சொல்லிவிட்டால். மகனுக்கு வெட்கம். எனக்கு அதைவிட. தவறாக இருந்தால், தவறாக இருந்தால் என்று மனம் அந்த ஒரே துளையில் முளையை அடித்துக்கொண்டிருந்தது. இலக்கம் மாறியிருப்பது சாய்வுக்குக் காரணம், சரி. ஆனால் சாய்வு நின்றுவிட்டது என்பதற்கு அது நிறுவல் அல்லவே. காரணம் வேறு, நிறுவல் வேறு. நிறுவல் எங்கே. அப்போது கௌரீசன் மறுபடியும் தலையை ஆட்டினான், இந்தமுறை எதற்கும் பதிலாக அல்ல, வெறுமனே. எனக்கு அவன் அந்த வயதில் கீறிய வட்டம் ஞாபகம் வந்தது, கூடவே காலை வெளிச்சத்தில் தூணில் கண்ட இன்னொரு வட்டமும்.

எழுந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும், நான் ஒரு கணித ஆசிரியை, மேலே ஒருமுறை வாருங்கள், உங்கள் நூலையும் கொண்டுவாருங்கள் என்றேன். மகன், அம்மா என்று தொடங்கினான். நார்மன் குறுக்கிட்டு, "அவ போகட்டும், கேரி. நீ பாடசாலைக்குப் போனதே இல்லையா?" என்றார். மூன்று ஆண்டாக அவருக்கு என் மகன் கேரிதான். மிஸ் லாங்லியின் கைவிளக்கையும் வாங்கிக்கொண்டேன். மேலே, விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். சுண்ணாம்பின் கீழிருந்து ஐந்தும் ஆறும் எழுந்து வந்தன. மிஸ் லாங்லி மூச்சை உள்ளே இழுத்தார். அது போதாது என்றேன். விளக்கை ஒரு முழம் கீழே இறக்கினேன். தூணும் தாங்கியும் சேருமிடத்தில், உள்ளங்கை அகலத்தில், கவராயத்தால் கீறிய ஒரு வட்டம்; உள்ளே ஆறு இதழ்ப் பூ. கவராயம் விரிந்த அளவை, அதாவது ஆரையை, மாற்றாமலே வட்டத்தைச் சுற்றி ஆறு தரம் கவராயத்தை வைத்தால் வரும் பூ. ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்த எல்லோரும் போட்டது. கெட்ட ஆவி வராமலிருக்க முந்நூறு ஆண்டுக்கு முன் போடுவார்கள் என்று அவர் மெதுவாகச் சொன்னார், இங்கே ஒன்று இருப்பது தெரியாமல் போயிற்று என்றும். ஆவி எனக்கு வேண்டியதில்லை. வட்டத்தின் மையக்குழி தூணில் இருந்தது. நான்கு இதழ் நுனிகள் தூணில்; இரண்டு, ஆப்பைக் கடந்து, தாங்கியில். அவருடைய நூலின் ஒரு முனையை மையக்குழியில் அவரையே பிடிக்கச் சொல்லி, தூணிலிருந்த முதல் நுனி வரை இழுத்து அங்கே ஒரு முடிச்சுப் போட்டேன். இரண்டாம் நுனி, மூன்றாம் நுனி, நான்காம் நுனி; முடிச்சு சரியாக வந்தது. பிறகு இடைவெளியைத் தாண்டி, தாங்கிக்கு. நூலை அவர் கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நுனி. முடிச்சு, நுனியின்மேல். ஆறாம் நுனி. நுனியின்மேல். இந்த வட்டத்தைக் கீறிய நாளுக்குப் பிறகு தூண் ஒரு மயிரளவு நகர்ந்திருந்தாலும் இந்த இரண்டு நுனியும் விலகியிருக்கும், வட்டம் உடைந்திருக்கும் என்றேன். உடையவில்லை. ஒரே வட்டத்தின் ஆரைகள் சமன். வேறு நிறுவல் தேவையில்லை.

மிஸ் லாங்லி ஏணியில் ஏறி முளையைப் பார்த்தார், இறங்கினார், தாமே நூலைப் பிடித்து ஆறு நுனியையும் மறுபடி அளந்தார். அது எனக்குப் பிடித்தது, சரிபார்க்காமல் நம்புகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பிறகு தரைப்பலகைகளைக் காட்டினார்: சுவரோரத்துப் பலகை ஒரு முனையில் அகலமாயும் மறுமுனையில் ஒடுங்கியும் வெட்டப்பட்டிருந்தது; சாய்ந்து நின்ற சுவருக்கு அளந்து வெட்டிய பலகை. இதைத் தாம் பார்த்திருக்க வேண்டும் என்றார். கட்டிய நாளிலேயே சாய்ந்த வீடு. முந்நூறு ஆண்டுக்குக் குறையாமல் அசையாத வீடு. அப்படியே எழுதப் போவதாகச் சொன்னார், அந்தப் பூவின் படத்தையும் சேர்த்து. கட்டிலில் உட்கார்ந்தேன். மகன் கதவு நிலையில், தலையைக் குனிந்து, நின்றுகொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. நூலின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் கீழே வந்து விஷயத்தைச் சொன்னதும் நார்மன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்தக் குண்டுக் கதைக்கு அறுபது வருஷமாக எனக்கு ஊரே குடிக்க வாங்கித் தந்தது, மிஸ். இனி நான் தண்ணீர்தான் குடிக்க வேண்டும்," என்றார். தச்சன் கதை அதைவிட நல்லது, இடம் மாறிய இரண்டு தாங்கியின் கதை, அதற்கு இரட்டிப்பாய் வாங்கித் தருவார்கள் என்றேன். சற்று யோசித்து, அந்தத் தச்சனுக்குத் தம் பாட்டனார் வழியில் உறவு இருந்திருக்கலாம் என்றார். இப்போது கண்ணை மூடிக்கொண்டு, அந்த உறவை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். நாய் குறட்டை விடுகிறது. தேநீர் ஆறிவிட்டது. ஆறட்டும்.

எட்டாம் வகுப்பு, மூன்றாம் தவணை, கேத்திரகணிதம். முப்பத்திரண்டு ஆண்டுக்கு முன், ஊரில் யுத்தம், கடதாசித் தட்டுப்பாடு, பிள்ளைகள் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் எழுதிய காலம், மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்கப் பகல் வெளிச்சத்திலேயே முற்றத்தில் இருந்து திருத்துவேன். ஏழாம் கேள்வி: இரண்டு கோட்டுத்துண்டுகள் சமன் என நிறுவுக. நான் படிப்பித்த வழி இரண்டு முக்கோணிகளை ஒருங்கிசையச் செய்வது, பதினொரு வரி. ஒரேயொரு பிள்ளை அதைச் செய்யவில்லை. படத்தின் மூன்று புள்ளிகளையும் தொட ஒரு வட்டத்தைக் கீறி, மையத்திலிருந்து இரண்டு கோட்டையும் காட்டி, ஒரே வட்டத்தின் ஆரைகள் சமன் என்று ஒற்றை வரி எழுதியிருந்தான். சரியான நிறுவல். அழகான நிறுவல். வாசித்தவுடன் எனக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்ததுதான் பயமாகவும் இருந்தது. ஏனென்றால் அந்தக் கிழமைதான் ஆசிரியர் அறையில் ஒருத்தி, இராசமலர் ரீச்சரின் மகனுக்கு வினாத்தாள் வீட்டிலேயே கிடைக்கும் என்று, நான் வருவதைக் கண்டும் குரலைத் தாழ்த்தாமல் சொல்லியிருந்தாள். பிள்ளையைத் தன் வகுப்பிலேயே வைத்துப் படிப்பிக்கும் ரீச்சர்மார் எல்லோருக்கும் தெரிந்த மருந்துதான்: மற்றவர்கள் குறைக்கச் சொல்லுமுன் தானே குறைத்துவிடுவது. வழி காட்டப்படவில்லை என்று ஓரத்தில் எழுதினேன். தொண்ணூற்றேழு புள்ளி இருந்திருக்கும்; தொண்ணூற்றொன்று ஆயிற்று. தொண்ணூற்று நாலு எடுத்த பிள்ளை முதலாம் இடம். அதை நேர்மை என்று எனக்கு நானே பெயரிட்டு, இத்தனை ஆண்டும் அந்தப் பெயரை இடாப்பில் வாசித்து, ஆஜர் என்று நானே பதிலும் சொல்லிவந்தேன். அவன் விடைத்தாளைக் கொண்டுவந்து, ஒரே ஒருமுறை, "எங்கை பிழை, அம்மா?" என்று கேட்டான். யோசி என்றேன். தலையை ஆட்டினான்.

படி கிறீச்சிடுகிறது. அவன்தான். குனிந்து வந்து, என் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறான். கையில் ஈரத் துணி, சட்டையில் பீர் வாசம், தலைமயிரில் நிலவறைச் சிலந்திவலை. தவறணைக்காரன். என் மகன். தேத்தண்ணி ஆறிப்போச்சு, வேறை போடட்டோ என்று கேட்கிறான். வேண்டாம் என்கிறேன். மேசையில் கிடக்கும் என் கொப்பியைப் புரட்டுகிறான். தூண்கள், தாங்கிகள், இலக்கங்கள். ஐந்திலும் ஆறிலும் சிவப்புப் பெருக்கல் குறியைக் கண்டு, இன்னும் சிவப்புப் பேனை வைச்சிருக்கிறியளோ என்று சிரிக்கிறான். நான் கொப்பியை வாங்கி, பையிலிருந்து பேனையை எடுத்து, முதலில் அந்த இரண்டு பெருக்கல் குறியையும் வெட்டிச் சரிக்குறி போடுகிறேன். தச்சன் பொறுத்துக்கொள்ளட்டும், தாமதத்தை. பிறகு பக்கத்தின் அடியில் ஒரு கோடு இழுக்கிறேன். "தம்பி, ஏழாம் கேள்வியிலை பிழை இல்லை. பிழை என்னிலை," என்கிறேன். அவன் துணியைக் கீழே வைக்கிறான். குழாயிலிருந்து எங்கோ ஒரு சொட்டு விழுகிறது. அறிவன் அம்மா, அண்டைக்கே அறிவன் என்கிறான், எனக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும். அப்படியென்றால் ஏன் மறுபடி கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை. எழுதுகிறேன், எழுத்து ஒவ்வொன்றும் கோட்டிலே அமர: க. கௌரீசன், எட்டாம் வகுப்பு, மூன்றாம் தவணை, கேத்திரகணிதம். தொண்ணூற்றொன்று என்று போட்டு, ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் தொண்ணூற்றேழு என்று எழுதி, விதிப்படி என் கையொப்பத்தையும் திகதியையும் இட்டு, கொப்பியை அவன் பக்கம் திருப்பிவைக்கிறேன். விடைத்தாள் கொடுத்ததும் பிள்ளைகள் செய்வதுபோல, அவன் விரலால் தொட்டுக் கழித்துப் பார்க்கிறான், சரிபார்க்கிற பிள்ளை. நான் காத்திருக்கிறேன். மேலே ஐந்தாம் தூண், தான் நின்ற இடத்திலேயே, சாய்ந்து நிற்கிறது. "சரி ரீச்சர், ஆறு புள்ளி," என்கிறான் மகன்.